தண்ணீர் சுட வைக்க ஐந்து வருஷமா?



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். வீட்டு விஷயத்தை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தம்பியிடமும் தம்பி மகளிடமும் கேட்டேன். இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி மகள் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்டி செய்கிறாள் என்பது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆவணியில் நடந்த பால்காய்ப்பில் பந்தியில் வைத்து ஒரு பெரியவர் அவளிடம் கேட்டார். அவளும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "பெட்டியில தண்ணிய ஊத்தி, கீழே சூடு பண்ணி, மேலே குளிர வச்சு, உள்ள தண்ணி எப்படிச் சுத்துதுன்னு பாக்குறேன் தாத்தா." பந்தியே சிரித்தது. "வெந்நி வைக்க அஞ்சு வருஷமா? உங்க ஆச்சி அஞ்சு நிமிஷத்துல வச்சிருவாளே!"

அந்தச் சிரிப்பு அங்கேயே முடிந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருப்பேன். தம்பி மனசில் அது தங்கிவிட்டது. இதற்கிடையில் ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம்தான். படிப்பை இதோடு நிறுத்திக்கொண்டால் தையிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். தம்பி என்னிடம் வந்து, "அக்கா, நீ வாத்தியார் வேல பாத்தவ. நீயே சொல்லு, அந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டான்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி.யும் இரண்டு வருஷம் டீச்சர் ட்ரெயினிங்கும். அதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால் அவளையே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தோறும் போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். ஒன்பது வாரம். நாற்பது பக்க நோட்டு ஒன்று தீர்ந்துவிட்டது. புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "எங்க கைடுகூட இவ்வளவு கேக்க மாட்டார் அத்தை" என்று அலுத்துக்கொண்டாள். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். முறைப்பெண் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பையனுக்குக் கல்யாணமாகி, பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

என் மாணவர்களுக்கு ஒரு சோதனை நினைவிருக்கும். கண்ணாடி பீக்கரில் தண்ணீர் எடுத்து, அடியில் ஒரு ஓரமாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் துணுக்கு ஒன்றைப் போட்டு, அதற்கு நேர் கீழே ஸ்பிரிட் விளக்கை வைப்போம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு மேலே ஏறும். மேலே போய் வளைந்து, அடுத்த பக்கமாக இறங்கும். வெப்பம் பரவும் மூன்று வழிகளில் இது வெப்பச்சலனம். சூடான நீர் விரிந்து லேசாகி மேலே போகிறது, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே வருகிறது. புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண்.

தம்பி மகளின் வேலை அந்த அம்புக்குறி எங்கே முடிகிறதோ அங்கே தொடங்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. ஆவியும் கிடையாது, குமிழியும் கிடையாது. நாலாபக்கமும் மூடிய பெட்டி. அடித்தகடு வெதுவெதுப்பாகவும் மேல்தகடு அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டையும் கொஞ்சமும் மாறாமல் அதே சூட்டில் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் நீர் தானாகவே நகர ஆரம்பிக்கும்.

தானாக என்று சொன்னாலும் எடுத்தவுடன் நகர்ந்துவிடாது. சூடான நீர் மேலே போகப் பார்க்கும். பக்கத்து நீரின் பாகுத்தன்மை அதைப் பிடித்து இழுக்கும். போகிற வழியிலேயே அதன் சூடும் சுற்றிலும் கசிந்துவிடும். ஒரு பக்கம் மிதப்பு, மறுபக்கம் இந்த இரண்டு தடைகள். 1900இல் பிரான்ஸ் நாட்டு ஆன்ரி பெனார் உருகிய மெழுகை மெல்லிய படலமாக ஊற்றி அடியில் சூடேற்றினார். தேன்கூடு மாதிரி அறுகோண அறைகள் தோன்றின. 1916இல் இங்கிலாந்தின் ராலே பிரபு இதற்கு ஒரு கணக்குப் போட்டார். மிதப்பும் தடையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று சொல்லும் ஓர் எண் அதிலிருந்து பிறந்தது. ராலே எண் என்கிறார்கள். மேலும் கீழும் கெட்டியான தகடாக இருந்தால், அந்த எண் 1708ஐத் தாண்டும்வரை நீர் அசையாது, தாண்டினால்தான் சுழல ஆரம்பிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெனாரின் அறுகோணங்களுக்கும் ராலேயின் கணக்குக்கும் உண்மையில் பொருத்தம் குறைவு. பெனாரின் படலம் மேலே திறந்திருந்தது. அந்த அறுகோணங்களை உண்டாக்கியது முக்கியமாகப் பரப்பு இழுவிசைதான் என்று 1950களில் தெரியவந்தது. ஆனாலும் இன்றுவரை இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ராலே-பெனார் சலனம் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த எண்ணை நானே போட்டுப் பார்த்தேன். மேலுக்கும் கீழுக்கும் 10 டிகிரி வித்தியாசம். தண்ணீரின் ஆழம் 1 மில்லிமீட்டர் என்றால் எண் சுமார் 140 வருகிறது. 1708ஐத் தொடவில்லை. நீர் சும்மா கிடக்கும். அதே 10 டிகிரிக்கு ஆழத்தை 10 சென்டிமீட்டர் ஆக்கினால்? ஆழம் மூன்று தடவை பெருக்கப்படுகிறது. ஆழம் 100 மடங்கு கூடினால் எண் 10 லட்சம் மடங்கு கூடுகிறது. 140 என்பது 14 கோடி ஆகிவிடுகிறது! நோட்டில் பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டுச் சோற்றுப் பானையிலேயே கோடிக்கணக்கு நடக்கிறது.

எண் அவ்வளவு பெரிதானால் அம்புக்குறியெல்லாம் அழிந்துவிடும். அடித்தகட்டை ஒட்டி மெல்லிய சூடான படலம் ஒன்று இருக்கும். அதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சூடான நீர்க் கொத்துகள் காளான் மாதிரி தலை விரித்துக்கொண்டு கிளம்பும். மேல்தகட்டிலிருந்து குளிர்ந்த காளான்கள் தலைகீழாக இறங்கும். ஒன்றோடொன்று மோதும், கிழியும், கலையும். இதற்குத்தான் கொந்தளிப்பு என்று பெயர். எந்தக் காளான் எந்த நொடியில் எங்கிருந்து கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம் பிடித்தது. இத்தனை குழப்பத்துக்குள்ளும் பெட்டி முழுவதையும் தழுவிய ஒரே பெரிய சுழற்சி உண்டாகிறது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி நீர் ஏறும், எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி இறங்கும். 1981இல் ரூபி கிருஷ்ணமூர்த்தி, லூயிஸ் ஹோவர்ட் என்ற இரண்டு பேர் இதைச் சோதனையில் காட்டினார்கள். தண்ணீருக்குள் நடந்தாலும் இந்தத் துறையில் இதற்குக் 'காற்று' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

காற்றை யாரும் ஊதவில்லை. சூடான காளான்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து ஏறுவதால் காற்று உண்டாகிறது. அந்தக் காற்றே அடுத்துக் கிளம்பும் காளான்களை அதே பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சாய்வார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். தேர் என்னவோ ஒரே பக்கமாகத்தான் போகும்.

சரி, அந்தக் காற்று ஒரே திசையில் நிலைத்து நிற்குமா? நிற்காது. உருளை வடிவப் பாத்திரத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றுதானே. அதனால் ஏறுகிற பக்கம் மெல்ல மெல்லச் சுவரைச் சுற்றி அலைந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு தடவை காற்று அடியோடு ஓய்ந்துபோகும். பிறகு மறுபடி கிளம்பும். முன்பு ஏறிய பக்கமே ஏறும் என்று கட்டாயமில்லை, எந்தத் திசையிலும் கிளம்பலாம். கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன், குந்தர் ஆலர்ஸ் என்பவர்கள் உருளையின் சுவரைச் சுற்றி எட்டு இடங்களில் சின்ன வெப்பமானிகளை வைத்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் அளந்தார்கள். எந்தப் பக்கம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நீர் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படி அளந்ததில், காற்று அடியோடு ஓய்வது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான். கடைசியாக ஓய்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்து அடுத்தது எப்போது என்று சொல்லவும் வழியில்லை.

இதற்குக் கணக்கு மாதிரி அமைப்பதுதான் தம்பி மகளின் வேலை. இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, பெட்டியைக் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகத்தையும் சூட்டையும் நொடியின் சிறு பகுதிக்கு ஒரு தடவை கணக்கிடுவது. பெரிய பெரிய கணினிகள் வேண்டும். அதிலும் சில நிமிஷ ஓட்டத்தைக் கணக்கிடவே நாள்கணக்கில் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை நடக்கிற விஷயத்தை நூறு தடவை பார்க்க அந்த வழி சரிப்படாது.

இரண்டாவது வழி, காளான்களை மறந்துவிடுவது. காற்றைப் பற்றி இரண்டே இரண்டைக் கேட்பது. எவ்வளவு பலமாக அடிக்கிறது? எந்தத் திசையில் அடிக்கிறது? பிரவுனும் ஆலர்ஸும் 2007இல் இப்படி ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். பலத்துக்கு ஒரு சமன்பாடு, திசைக்கு ஒரு சமன்பாடு, ஆக இரண்டே இரண்டு. சூடு காற்றைத் தள்ளுகிறது, சுவரை ஒட்டிய உராய்வு இழுக்கிறது, பலம் ஒரு மட்டத்தில் நிலைகொள்கிறது. கோடிக்கணக்கான காளான்களுக்குப் பதிலாகத் தற்செயலான உலுக்கல் ஒன்றைச் சமன்பாட்டில் சேர்த்துவிடுகிறார்கள். உலுக்கல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அபூர்வமாக எல்லாம் ஒரே பக்கமாக வந்து விழும்போது காற்று ஓய்ந்துவிடும்.

திசைச் சமன்பாட்டைப் புரிந்துகொள்ள எனக்குப் பம்பரம் உதவியது. வேகமாகச் சுற்றுகிற பம்பரத்தை லேசாகத் தட்டினால் விழாது. வேகம் குறைந்து தலையாட்ட ஆரம்பித்த பிறகு ஊதினாலே சாய்ந்துவிடும். காற்றும் அப்படித்தான். பலமாக இருக்கும்போது உலுக்கல் அதன் திசையைத் திருப்புவது கஷ்டம். ஓய்ந்திருக்கும்போது எந்தப் பக்கமும் திரும்பும். அதனால்தான் ஓய்ந்து எழுந்த பிறகு எந்தத் திசையிலும் கிளம்புகிறது.

"தற்செயலைச் சமன்பாட்டுக்குள்ள வைக்கிறது ஏமாத்து வேல இல்லையா?" என்று அவளைக் கேட்டேன். பிறகு என் வருகைப் பதிவேடுகளை நினைத்துப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதில் குறி போட்டிருக்கிறேன். நாளைக்கு எந்தப் பையன் வரமாட்டான் என்று ஒரு நாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருத்தியின் தம்பிக்குக் காதுகுத்து. ஆனால் பருத்தி எடுப்பு நடக்கும்போது நாற்பது பேரில் பதினைந்து பேர் வரமாட்டார்கள் என்று சொல்ல முடியும். மழை நாளில் எத்தனை, திருவிழா மறுநாள் எத்தனை என்று சொல்ல முடியும். சத்துணவுக்கு அரிசி அளந்து போட்டது அந்தக் கணக்கை நம்பித்தான். தனித்தனி ஆள் தெரியாது, மொத்தம் தெரியும். அந்த மொத்தமும் சும்மா வந்த கணக்கல்ல. வருஷக்கணக்காகக் குறி போட்டதால் வந்தது.

இதற்கு முன்பே சலனத்தை ஒருவர் மூன்று சமன்பாடுகளில் அடக்கியிருக்கிறார். அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ். அவர் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் விடை முற்றிலும் வேறாகப் போய்விட்டது. எண் அச்சானதில் விட்டுப்போன அந்தக் கடைசி மூன்று இலக்கம்தான் காரணம். இந்தக் குணத்தை எளிமையாகக் காட்டத்தான் 1963இல் சலனத்தின் அந்த மூன்று சமன்பாடுகளை வெளியிட்டார். அவருடைய சமன்பாடுகள் சலனம் அப்போதுதான் தொடங்குகிற இடத்துக்கே பொருந்தும், கொந்தளிக்கிற பெட்டிக்குப் பொருந்தாது. அதற்குத்தான் பின்னால் வந்தவர்கள் வேறு மாதிரி தேடவேண்டியிருந்தது.

இனி தம்பி மகளின் பங்கு. உருளைக்குப் பதிலாகச் சதுரப் பெட்டி என்றால் காற்றுக்கு நான்கு மூலைகள் கிடைக்கின்றன. மூலைக்கு மூலை குறுக்காக ஓடத்தான் அது விரும்பும். நான்கு குழி உள்ள தட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்து உலுக்குவது போல என்றாள். குண்டு ஒரு குழிக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும். எப்போதாவது மேட்டைத் தாண்டி அடுத்த குழிக்குள் விழும். பெட்டியின் உருவம் தெரிந்தால் மேட்டின் உயரத்தைக் கணக்கிடலாம். உலுக்கலின் அளவைச் சோதனையில் அளக்கலாம். இரண்டும் தெரிந்தால், காற்று எத்தனை மணிக்கு ஒரு தடவை மூலை மாறும் என்று முன்கூட்டியே சொல்லலாம். எந்த மணிக்கு என்று சொல்ல முடியாது. இவள் பக்கங்களின் நீளத்தை மாற்றி மாற்றிப் பெட்டி செய்கிறாள். முதலில் கணக்கைப் போட்டு எழுதி வைத்துவிடுவாள். பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள். கணக்கும் அளவும் சில சமயம் இரண்டு மூன்று மடங்கு விலகிப் போகும். ஏன் விலகியது என்று தேடுவதுதான் பாதிப் படிப்பு என்கிறாள்.

இப்போது பந்தியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெந்நீர் வைக்க ஐந்து நிமிஷம் போதும். நாளைக்கு ஒன்றிரண்டு தடவை மட்டுமே நடக்கிற ஒன்றை நூறு தடவை எண்ண வேண்டுமென்றால் இரண்டு மாசத்துக்கு மேல் ஆகும். அது ஒரு பெட்டிக்கு, ஒரு சூட்டுக்கு. சூட்டை ஐந்து தடவை மாற்றிப் பார்த்தால் ஒரு பெட்டிக்கே ஒரு வருஷம் போய்விடும். இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பத்துத் தடவை எண்ணிவிட்டு முடிவு எழுதினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. இதுவரை இரண்டு பெட்டி முடிந்திருக்கிறது. அவள் கேள்விக்கு விடை மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் மூன்று வருஷமும் பாதியில் விட்ட வருகைப் பதிவேடு மாதிரிதான்.

"எண்ணி என்ன ஆகப்போகுது?" என்ற கேள்வியும் வரும். சூரியன் மேற்பரப்பில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் சலன அறைகள் தோன்றி, சில நிமிஷங்களில் மறைகின்றன. பூமியின் வயிற்றில் உருகிய இரும்பு சுழல்வதால்தான் நமக்குக் காந்தப்புலம் கிடைத்திருக்கிறது. அந்தக் காந்தப்புலம் பலமுறை வடக்கு தெற்காகத் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கடைசியாக முழுசாகத் திரும்பியது சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்பு. "என் பெட்டி பூமி இல்ல அத்தை. அங்க சுழற்சி இருக்கு, காந்தம் இருக்கு, எல்லாம் வேற" என்று அவள் உடனே கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஆனால் கேள்வி ஒன்றுதான். கோடிக்கணக்கான சின்ன அசைவுகளில் எதையெல்லாம் விட்டுவிடலாம், எதை விடக்கூடாது? வானிலைக் கணக்குப் போடுகிறவர்களும் ஒவ்வொரு மேகத்தையும் பின்தொடர முடியாது. அவர்களும் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். சரியாக விடத் தெரிந்தால் கணக்கு நிற்கும், தெரியாமல் விட்டால் புயல் வரும் நாளில் தவறிப்போகும். விடத் தெரிவது என்பது சோம்பேறித்தனம் இல்லை. எதை விட்டோம், அதனால் எவ்வளவு பிசகியது என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது.

தம்பி, இனி உனக்கு. இந்தப் படிப்பால் நாளைக்கே ஒரு மிஷின் வரும் என்று நான் சொல்லமாட்டேன், உன் மகளும் சொல்லவில்லை. உதவித்தொகையில் படிக்கிறாள், உன்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. உலகத்தில் சில பேர் கையில் மட்டும் இருக்கிற ஒரு கேள்வி அவள் கையிலும் இருக்கிறது. இரண்டு வருஷம் பொறுக்கிற இடமாகப் பார். இந்த இடமே பொறுக்கும் என்றால் இன்னும் நல்லது. அவர்களிடம் பேச நான் வருகிறேன், நோட்டையும் எடுத்துவருகிறேன். முடிவு உன்னுடையதும் அவளுடையதும். அவளிடம் கேட்காமல் மட்டும் எடுக்காதே.

சொந்தங்களுக்கும் ஒன்று. இனி எங்கேயாவது அவளைப் பார்த்தால் "எப்ப முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக "இதுவரை எத்தனை எண்ணியிருக்க?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து பதில் சொல்வாள்.

பொங்கல் லீவுக்கு அவள் ஊருக்கு வருகிறாள். காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்குப் பெர்மாங்கனேட் சோதனை செய்து காட்டப்போகிறாள். கண்ணாடிப் பாத்திரம் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். பெரியவர்களும் வரலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்